சிவப்பு ஏறாத வண்டுகள்

பன்றி ஈரல் வேகும் வாசனை நடைவழியின் கோடிவரை வந்துவிட்டதென்றால் மார்லூஸ் வேலையை ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம். காப்பி எந்திரத்துக்குப் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே போவார்கள். அவளுக்கோ அந்த வாசனை பிடித்திருந்தது. மூச்சை அடைக்காத வாசனை எதுவானாலும் இப்போதெல்லாம் அவளுக்குப் பிடிக்கும்.

நால்ட்வைக் என்ற ஊரில், காய்கறி விளையும் கண்ணாடிக் குடில்களுக்கு நடுவே ஒளிந்துகொண்ட மாதிரி இருந்தது அவள் வேலை பார்க்கும் ஹார்மனின் பூச்சி வளர்ப்பகம். சின்ன இடம். பொறிவண்டுகளை வளர்த்துப் பெட்டியில் அடைத்து, குடில்காரர்களுக்கும் தோட்டக் கடைகளுக்கும் அனுப்புவதுதான் தொழில். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியை இந்த வண்டுகள் தின்று தீர்க்கும். ஆனால் வளர்ப்பகத்தில் வண்டுக்குப் போட அசுவினி கிடையாது. அதை வளர்க்கச் செடி வேண்டும், செடிக்கு இடம் வேண்டும். அதோடு, அக்கம்பக்கத்துக் குடில்காரர்கள் அசுவினி என்ற பேரைக் கேட்டாலே கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவார்கள். அதனால் ஹார்மன் வண்டுகளுக்கு மாவு அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கொடுத்து வளர்த்தான். முட்டைக்கு அந்து வேண்டும், அந்துக்கு மாவு வேண்டும். ஓர் அறை முழுக்க மாவுத் தட்டுகள், அவற்றின் மேல் படபடக்கும் சாம்பல் நிறச் சிறகுகள்.

அந்த அறைதான் மார்லூஸுக்கு எமனாக வந்தது.

அந்துவின் சிறகிலிருந்து உதிரும் செதில் கண்ணுக்குத் தெரியாத தூள். வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்ததில் முதலில் தும்மல், பிறகு இருமல், அப்புறம் மாடிப்படி ஏறினாலே நெஞ்சுக்குள் விசில். போன குளிர்காலத்தில் டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"ஒண்ணு அந்த அறையை விடு. இல்லே அந்த வேலையை விடு. ரெண்டையும் வச்சுக்கிட்டு நுரையீரலையும் வச்சுக்கணும்னா முடியாது."

வளர்ப்பகத்தில் எல்லோரும் முறைபோட்டு அந்து அறையில் நின்றாக வேண்டும். அவளுக்காக முறையை மாற்றினால் அவள் பங்கும் மற்றவர்கள் தலையில் விழும். ஹார்மனிடம் போய் நின்றபோது அவன் தாடையைத் தடவினான்.

"இது சின்ன இடம், மார்லூஸ். அந்து அறைக்குள்ள போகாத ஆளை நான் எப்படி வச்சுக்கறது?"

"அந்து அறையே இல்லாமப் போனா?"

"என்ன சொல்றே?"

"முட்டைக்குப் பதிலா நான் ஒரு தீனி சமைக்கிறேன். வண்டு அதைத் தின்னு வளர்ந்தா அந்து எதுக்கு?"

"சரி, செஞ்சு பாரு. முட்டை தின்ன வண்டுக்கு ஈடா உன் வண்டு வேலை செஞ்சா, கோடையோட அந்து அறையை மூடிடறேன். இல்லேன்னா..." என்று நிறுத்திக்கொண்டான்.

மிச்சத்தை அவன் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அன்றிலிருந்து அவள் சமையல்காரி ஆகிவிட்டாள். ஈரலை வேகவைத்து அரைத்து, முட்டை மஞ்சள் கரு, தேன், ஈஸ்ட், பால்பொடி எல்லாம் போட்டு, அகர் என்ற கடற்பாசிப் பசை கலந்து உறையவிட்டு, பாசிமணி அளவுக்கு வெட்டி, மெல்லிய மெழுகுத் தாளில் பொதிவாள். பொறிவண்டின் புழு தாளைக் குத்தி உள்ளே இருப்பதை உறிஞ்சிக் குடிக்கும். குடிக்க வேண்டும் என்பது அவள் கனவு. முதல் தடவை அவை தீனியைச் சீண்டவே இல்லை. பசி வந்ததும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஒவ்வொரு பெட்டியையும் திறந்தபோது உள்ளே ஒரே ஒரு குண்டுப் புழு திருப்தியாக உட்கார்ந்திருந்தது.

"பெட்டிக்கு ஒரு பயில்வான்!" என்று சிரித்தாள் இவோனா. போலந்திலிருந்து வந்து பல வருஷமாக அங்கே வேலை பார்ப்பவள், மார்லூஸுக்கு நல்ல சிநேகிதி. "இவனையே பொட்டலம் கட்டி அனுப்பிடலாம். குடிலையே தின்னுடுவான்."

தேனைக் குறைத்தாள், ஈரலைக் கூட்டினாள், தாளை இன்னும் இழுத்து மெல்லிசாக்கினாள். ஏப்ரல் வரும்போது புழுக்கள் ஒழுங்காகக் குடித்து, ஒழுங்காகக் கூடு கட்டி, ஒழுங்காக வண்டாக வெளியே வந்தன. நிறம் மட்டும் வரவில்லை. பால் அதிகமாகிப்போன டீயின் நிறத்தில், முதுகில் இரண்டு புள்ளியோடு தட்டு முழுக்க நடந்தன.

ஹார்மன் ஒன்றை விரலில் ஏற்றி மேஜை விளக்கின் கீழே பிடித்தான்.

"என்ன இது, காமாலை வந்துடுச்சா?"

"ஆரோக்கியமா இருக்கு. முட்டைகூடப் போடுது."

"இருக்கட்டும். கடைக்காரங்க திருப்பி அனுப்பிடுவாங்க. பொறிவண்டுன்னா செவப்பு. சின்னப் புள்ளையைக் கேட்டாக்கூடச் சொல்லும்."

"வேலை செய்யுமான்னு பார்க்க வேண்டாமா?"

"மொதல்ல செவக்க வை. அப்புறம் பார்க்கலாம். இந்தத் தொகுதியை உறைபெட்டியில போட்டு அழிச்சுடு."

அவளால் அது முடியவில்லை. புழுவும் கூடும் வண்டுமாக இருந்த தட்டுகளை இவோனாவிடம் கொடுத்து, "நீயே போட்டுடு, நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

வண்டு தன் நிறத்தைத் தானாகச் செய்துகொள்வதில்லை, தின்பதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே தீனியில் சிவப்பு வேண்டும். சிவப்புக்கு அந்த ஊரில் பஞ்சமா? பக்கத்தில் கோர் என்பவனின் குடைமிளகாய்க் குடில் இருந்தது. கோணலாகவும் தழும்போடும் விளைந்த காய்களை வியாபாரி எடுக்க மாட்டான். கோர் அவற்றைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிடுவான். சைக்கிளில் போகிறவர்கள் பை நிறைய எடுத்துப் போவார்கள். மார்லூஸும் எடுத்துவந்து, அடுப்பில் காயவைத்து, பொடித்துத் தீனியில் கலந்தாள்.

அடுத்து வந்த வண்டுகள் அப்போதுதான் சாயம் அடித்துக் காயவைத்தது போல இருந்தன. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு!

தட்டைக் கொண்டுபோய் ஹார்மனின் மேஜையில் வைத்தாள். அவன் பார்த்தான். பாராட்டவில்லை, குறையும் சொல்லவில்லை.

"சரி. கோர்கிட்டப் பேசறேன். அவன் குடில்ல அசுவினி ஏறியிருக்காம். ஒரு வரிசையில என் வண்டு, பக்கத்து வரிசையில உன் வண்டு. பார்த்துடலாம்."

என் வண்டு, உன் வண்டு. அறையைவிட்டு வெளியே வந்த பிறகும் அந்த இரண்டு சொற்கள் அவள் காதிலேயே நின்றன.

கோர் ஆள் பெரியவன், குரல் அதைவிடப் பெரியது. ஹார்மனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இரண்டு வரிசைகளிலும் வண்டுகளைக் கொட்டிவிட்டு மார்லூஸ் நின்றபோது அவன் பாலாடைக்கட்டி ரொட்டியைக் கடித்துக்கொண்டே வந்தான்.

"இதுல எது உன் பிள்ளைங்க, எது ஹார்மனோட பிள்ளைங்க?"

"இந்த வரிசை என்னது."

"நல்லாச் செவப்பா லட்சணமா இருக்கே! ஹார்மனோடது கொஞ்சம் மட்டுதான். அவன் மொகமும் அப்படித்தானே!"

"சாப்பாட்டுல இருக்கு, கோர்."

"என் பொண்டாட்டியும் இதைத்தான் சொல்றா. எனக்குப் பச்சை இலையாப் போட்டுட்டு!"

அவள் சிரித்தாள். அந்த வாரம் அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பிறகு கோர் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"பொண்ணே, வந்து உன் பிள்ளைங்களைப் பாரு. வரும்போது அவங்களுக்கு ஆளுக்கு ஒரு தட்டும் கரண்டியும் எடுத்துட்டு வா."

ஹார்மனின் வரிசையில் இலைகளைத் திருப்பிப் பார்த்தாள். அசுவினிகளின் காலியான வெள்ளைத் தோல்கள்தான் ஒட்டியிருந்தன. அவளுடைய வரிசைக்கு வந்தாள். இலைக்கு அடியில் அசுவினிகள் சந்தை கூடியதுபோல நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. வண்டுகளைக் காணவில்லை.

"அங்கே தேடாதே. இங்கே பாரு" என்றான் கோர்.

காய் அறுத்த காம்புகளில் சாறு கசியும் இடங்களில் எல்லாம் வண்டுகள் குந்தியிருந்தன. வெடித்துப்போன ஒரு குடைமிளகாயைச் சுற்றிக் கல்யாணப் பந்தியே நடந்தது. சிவப்பின் மேல் சிவப்பு. குனிந்து பார்த்தபோது ஓர் அசுவினி தண்டு வழியாக நடந்துவந்து, வழியில் குறுக்கே இருந்த வண்டின் முதுகில் ஏறி இறங்கி, தன் பாட்டுக்குப் போயிற்று. வண்டு தலையைக்கூடத் தூக்கவில்லை.

கோர் சிரித்துச் சிரித்துத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டான். "நான் அசுவினியைத் தொரத்த ஆள் கேட்டேன். நீ என் மிளகாய்க்கு விருந்தாளி அனுப்பியிருக்கே!"

மார்லூஸுக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வாயிலும் குடைமிளகாய் தின்று வளர்ந்தவை அவை. குடைமிளகாய்க் குடிலில் கொண்டுவந்து விட்டால் வேறெதைத் தேடிப் போகும்?

"உன் மிளகாய்தான், கோர். வாசல் பெட்டியில இருந்து எடுத்துட்டுப் போய் தீனியில போட்டேன். நிறத்துக்கு."

"அப்போ சோறு போட்டு வளர்த்தவன் நான்தானா? அதான் வீடு தேடி வந்துட்டாங்க!" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினான். "ரொம்பப் பெரிய தப்பா?"

"எனக்குப் பெரிசு."

ஹார்மன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கதவு நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினான்.

"நீ நல்லாத்தான் முயற்சி பண்ணினே. கோடை விடுமுறை வரைக்கும் இரு. வேற எடத்துக்கு நல்ல வார்த்தை எழுதித் தர்றேன்."

"வேற எடம்னா எங்கே, ஹார்மன்? பூக்கடையா?"

"பூக்கடையில தூசி இருக்காது" என்று சொல்லிவிட்டு அவன் அந்து அறைக்குள் போனான். தினமும் காலையில் தட்டுகளிலிருந்து முட்டைகளைத் தூரிகையால் கூட்டி எடுப்பது அவன் வேலை. அதை வேறு யாரிடமும் விடமாட்டான்.

காப்பி வேளையில் மார்லூஸ் வெளியே செங்கல் திட்டில் உட்கார்ந்திருந்தாள். இவோனா இரண்டு கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இருமினாள்.

மார்லூஸ் திரும்பிப் பார்த்தாள். "எத்தனை நாளா?"

"ஈஸ்டர்ல இருந்து. சளி."

"படுக்கும்போது நெஞ்சுல விசில் சத்தம் வருதா?"

இவோனா காப்பியை ஊதினாள். பிறகு பேச்சை மாற்ற நினைத்தவள்போல, "ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"அந்த வெளுத்த வண்டுங்க. உறைபெட்டியில போடச் சொன்னியே. போடலே."

"என்ன பண்ணினே?"

"என் காருக்கு மேல விட்டேன்."

"காருக்கு மேலயா?"

"மரத்துலம்மா! எங்க தெரு முழுக்க லிண்டன் மரம். மே மாசம் ஆனா அசுவினி ஏறி, தேன் மாதிரி பிசுக்கு சொட்டும். எல்லார் காரும் ஜாம் பூசின ரொட்டிதான். நகராட்சிக்காரங்க மருந்தும் அடிக்க மாட்டாங்க, மரத்தையும் வெட்ட மாட்டாங்க. சாகப் போற வண்டுதானே, ஒரு உபகாரம் பண்ணட்டுமேன்னு தட்டோட மரத்துல கட்டிட்டேன்."

மார்லூஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, என் கார் மட்டும் பளபளன்னு இருக்கு. எதிர்வீட்டுக்காரன் நான் திருட்டுத்தனமா மருந்து அடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கான்."

"எழுந்திரு."

"காப்பி?"

"வந்து குடிக்கலாம். எழுந்திரு!"

இவோனாவின் தெரு சைக்கிளில் போய்வரும் தூரம்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செங்கல் வீடுகள், ஒரே மாதிரி மரங்கள். மரத்தடியில் நின்ற கார்களின் மேல் தூசியும் சருகும் பிசுக்கில் ஒட்டிக் கிடந்தன. நடுவில் ஒரு பழைய நீலக் கார் மட்டும் மழையில் குளித்ததுபோல நின்றது.

மார்லூஸ் தாழ்ந்த கிளையொன்றை இழுத்து இலையைத் திருப்பினாள். டீ நிறத்தில் ஒரு வண்டு. அதன் வாயில் பாதி அசுவினி, மீதிப் பாதியின் கால்கள் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன. அடுத்த இலையில் இன்னொன்று. அதற்கு அடுத்ததில் அதன் புழு, முதலையைப் போல வாயைத் திறந்துகொண்டு ஊர்ந்தது. சிவப்பு வண்டுகளும் சில இருந்தன. அவை அசுவினி தின்று நிறம் ஏறிய அவளுடையவையா, எங்கிருந்தோ பறந்து வந்தவையா என்று சொல்வதற்கில்லை. அவள் அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வெளுத்தவையே போதுமான அளவுக்கு இருந்தன.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. செருப்போடு ஒரு கிழவர் வந்து நின்றார்.

"பட்டப்பகல்லயே ஆரம்பிச்சுட்டீங்களா? ரெண்டு பேரா?"

"மருந்து இல்லே ஐயா, வண்டு. இங்க பாருங்க" என்று இலையை நீட்டினாள் மார்லூஸ்.

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "இது ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு?"

"பொறந்தது அப்படி. உங்களுக்கு நிறம் பிடிக்கலியா?"

"எனக்கு எதுக்கு நிறம்? என் மரத்துக்கு ஏன் விடலேன்னுதான் கேக்கறேன்!"

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பதில் மார்லூஸின் தலைக்குள் சுற்றியது. எனக்கு எதுக்கு நிறம்? உண்மையில், நிறம் யாருக்குத்தான் வேண்டும்?

வந்ததும் முதல் வேலையாக, வண்டு அதிகம் வாங்கும் ரைஸ்வைக் தோட்டக் கடைக்குத் தொலைபேசி போட்டாள். எடுத்தது கடைக்காரம்மாதான்.

"வண்டு கொஞ்சம் வெளுப்பா இருந்தா திருப்பி அனுப்புவீங்களாமே?"

"யார் சொன்னா? மூடின பெட்டியை மூடினபடி விக்கிறோம். வாங்கறவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கடிக்குமான்னு."

"ஹார்மன் உங்ககிட்ட இதைப் பத்திக் கேட்டிருப்பானே?"

"ஹார்மனா? கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொன்னதுக்கு அப்புறம் அவன் கூப்பிடவே இல்லியேம்மா."

இன்னொரு கடை. அங்கேயும் அதே பதில்தான், சிரிப்பு மட்டும் கொஞ்சம் கூட.

மார்லூஸ் அந்து அறையின் கண்ணாடிக்கு வெளியே போய் நின்றாள். உள்ளே ஹார்மன் தூரிகையோடு குனிந்திருந்தான், முகமூடி இல்லாமல். அவனைச் சுற்றிச் சாம்பல் சிறகுகள் எழும்பி எழும்பி அமர்ந்தன. அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவன் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். புருவமெல்லாம் செதில் வெள்ளி மாதிரி மின்னியது. அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"எந்தக் கடைக்காரன் செவப்பு கேட்டான், ஹார்மன்?"

"என்ன?"

"வெளுத்த வண்டைத் திருப்பி அனுப்புவேன்னு யார் சொன்னது? ஒரு பேர் சொல்லு."

அவன் தூரிகையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். ஊரில் அவனை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவன் என்பார்கள். வாங்குகிறவன் முகத்துக்கு நேரே, உன் செடி செத்துப்போச்சு, வண்டு வாங்கி வீணாக்காதே என்று சொல்கிற ஆள். அவன் இப்போது சுவரைப் பார்த்தான்.

"யாரும் சொல்லலே."

"அப்புறம் ஏன்?"

"இந்த அறையை என் கையால கட்டினேன், மார்லூஸ். பலகை, தட்டு, விளக்கு எல்லாம். அப்போ இந்தப் பக்கத்துல அந்து வளர்க்க ஒருத்தனுக்கும் தெரியாது. மூட மாட்டேன்னு உன்கிட்டச் சொல்ல முடியலே. மூடறேன்னு சொல்ல மனசு வரலே. அந்த வண்டைக் கையில எடுத்தேன், வெளுத்திருந்துச்சு. வாயில வந்துடுச்சு, சொல்லிட்டேன்."

"வசந்த காலம் முழுக்க நான் மிளகாய் பொடிச்சேன்."

"தெரியும். இந்தக் கட்டடத்துல யாருக்குத்தான் தெரியாது?"

அவளுக்குக் கோபம் வந்தது. கத்தினால் இருமல் வரும், அதனால் கத்தவில்லை. "இவோனாவுக்கும் நெஞ்சுல விசில் அடிக்குது. அவ சளின்னு சொல்லிட்டுத் திரியறா. நானும் மொத வருஷம் அப்படித்தான் சொன்னேன்."

ஹார்மன் புறங்கையால் புருவத்தைத் துடைத்தான். கையில் ஒட்டிய மினுமினுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மிளகாய் போடாம மறுபடியும் ஒரு தொகுதி வளர்க்கறேன்" என்றாள் அவள். "கோர் குடில்ல விட்டுப் பார்ப்போம். நீ சொன்ன அதே நிபந்தனைதான். ஆனா இந்தத் தடவை நீயும் வந்து பார்க்கணும். உன் கண்ணால."

"வர்றேன்."

"நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"பேசலே."

புழு வண்டாகிற வரைக்கும் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அவசரப்படுத்தினால் அவை கேட்பதில்லை. ஜூலை வந்தது. வெளுத்த வண்டுகளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு மார்லூஸ் குடிலுக்குப் போனபோது கோர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"இந்தத் தடவை என்ன ஊட்டி வளர்த்தே? என் பொண்டாட்டி வைக்கற சூப்பா? அதைக் குடிச்சா நானும் இந்த நிறத்துக்குத்தான் வந்துடறேன்."

முதல் நாள் வண்டுகள் எதுவும் செய்யவில்லை. இலையின் மேல் திகைத்துப்போய் நின்றன. அடுத்த நாள் ஒன்றிரண்டு அசுவினியைத் தொட்டுப் பார்த்துப் பின்வாங்கின. நடந்து போகிற சாப்பாட்டை அவை அதுவரை பார்த்ததில்லை. வாரக் கடைசியில் ஹார்மன் வந்தான். வந்தவன் கவிழ்த்த பெட்டியொன்றைச் செடிகளுக்கு நடுவே போட்டு உட்கார்ந்துவிட்டான். கோரும் மார்லூஸும் அவனுக்குப் பின்னால் நின்றார்கள். குடிலுக்குள் புழுக்கமாக இருந்தது.

அவன் கண்ணுக்கு நேரே ஒரு வெளுத்த வண்டு தண்டில் ஏறிற்று. அறுத்த காம்பின் அருகே வந்தது. சாறு கசிந்துகொண்டிருந்தது. வண்டு நின்றது. வண்டு காம்பைச் சுற்றிக்கொண்டு மேலே போய், இலையின் அடிப்பக்கம் திரும்பி, முதல் அசுவினியைக் கவ்வியது. தின்றது. அடுத்ததைக் கவ்வியது.

ஹார்மன் எழுந்து தன் வண்டுகளின் வரிசைக்குப் போனான். இலைகளைத் திருப்பினான். திரும்பி வந்து அவளுடைய இலைகளைத் திருப்பினான். வெகுநேரம் இப்படி நடந்தான். கடைசியில் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"என்னோடது முன்னாலயே முடிச்சிருக்கு."

"ஆமா" என்றாள் மார்லூஸ். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? "என்னோடது மெதுவாத்தான் ஆரம்பிக்குது. மொத ரெண்டு நாள் முழிக்குது."

"ஈடா இருந்தாத்தான்னு சொன்னேன்."

"சொன்னே."

கோருக்குப் பொறுக்கவில்லை. "டேய், ரெண்டு நாள்ல என் குடில் எங்கே ஓடிப்போயிடும்? நீ மொத மொத இந்த ஊருக்கு வண்டு கொண்டுவந்தப்போ பாதி வண்டு கண்ணாடியில முட்டிச் செத்துச்சு. நான் வாங்கலியா? வாயைத் திறந்தேனா?"

"திறந்தே. பள்ளிக்கூட மணி மாதிரி கத்தினே."

"கத்தினேன். வாங்கினேனா இல்லியா?"

ஹார்மன் சிரிக்கவில்லை. மறுபடியும் குனிந்து அந்த வண்டைத் தேடினான். அது இப்போது இன்னொரு இலைக்குப் போயிருந்தது. அதன் பின்னால் காலித் தோல்கள் ஒட்டிக் கிடந்தன. பார்த்துக்கொண்டே இருந்தவன் தொண்டையைச் செருமினான். செருமல் இருமலாகி, இருமல் நிற்க நேரம் பிடித்தது. கோர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அந்த இருமலின் சத்தம் மார்லூஸுக்கு நன்றாகவே தெரியும். அவன் நிமிர்ந்தபோது அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான்.

"ரெண்டு நாள் மெதுவுன்னா," என்றான் மெல்ல, "ரெண்டு நாள் முந்தி அனுப்பணும். பெட்டிக்குக் கொஞ்சம் கூடவும் போடணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"பெரிய அடுப்பு வேணும் உனக்கு. அந்தச் சின்னதுல எவ்வளவு ஈரல் வேகும்?"

அந்து அறையை மூடிவிடலாம் என்ற வார்த்தையை அவன் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றித்தான் பேசினான். எத்தனை அகலம், எந்தச் சுவர் ஓரம், புகைபோக்கி எந்தப் பக்கம் என்றெல்லாம் வழி நெடுக. மார்லூஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஆகஸ்டில் அந்து அறையை அவனே காலி செய்தான். உதவிக்கு வந்த இவோனாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினான். "நீ மொதல்ல டாக்டரைப் பாரு. போ." அவனுக்கு முகமூடியை மார்லூஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டான். தட்டுத் தட்டாக வெளியே வந்தது. பலகைகளை உடைக்காமல் ஆணி ஆணியாகப் பிடுங்கினான். சுவரைக் கழுவினான், காயவிட்டான், மறுபடியும் கழுவினான்.

எல்லாம் முடிந்த பிறகு மார்லூஸ் அவன் அறைக்குப் போனபோது மேஜையில் ஒரு கண்ணாடிச் சீசா இருந்தது. அடியில் கொஞ்சம் மாவு, உள்ளே நாலைந்து அந்துகள்.

"ஹார்மன்."

"மூடி இருக்கு."

"இறுக்கமா இருக்கா?"

"பசை நாடா சுத்தியிருக்கேன். நீயே பாரு."

அவள் பார்க்கவில்லை, வாசலிலேயே நின்றாள். "நீ அதைத் திறந்தா நான் வேலையை விட்டுப் போயிடுவேன்."

"தெரியும்."

"இவோனாவும் என்கூட வந்துடுவா."

"அவ போனா எனக்குக் காப்பி யார் போடறது?" என்றவன் சீசாவை ஜன்னல் விளிம்புக்கு நகர்த்தி வைத்தான். "உன் ஈரல் தீயற வாசனை வருது பாரு."

வாசனை உண்மையிலேயே வந்தது. மார்லூஸ் நடைவழியில் ஓடினாள். புதிய அடுப்பு பழையதைவிடச் சீக்கிரம் சூடேறியது. அது அவளுக்கு இன்னும் பழக்கமாகவில்லை.